பஞ்சுக்கால்களின் கடைசிப் பக்கம்

நான் எழுதியதை என் அண்ணனை, எங்கள் பேச்சில் காக்காவை, தவிர எவரும் வாசித்ததில்லை. ஆனால் முத்தமிட்டிருக்கிறார்கள். கண்ணில் ஒற்றியிருக்கிறார்கள், குர்ஆன் இருக்கும் சுவர்த்தட்டில் வைத்திருக்கிறார்கள், ஒரு பக்கத்தைக் கரைத்துக் குடிக்கவும் கொடுத்திருக்கிறார்கள். எழுதுகிறவளுக்கு இதைவிடப் பாக்கியம் உண்டா என்று கேட்டுச் சிரிக்கலாம். எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

எங்கள் ஊருக்குக் கிழக்கே கடல், மேற்கே வாவி. வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்லுவோம். நடுவே மணலில் வீடுகள், வீட்டைச் சுற்றிக் கிடுகு வேலி, வேலிக்குள்ளே தறி. ஆண் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்த் தமிழ் எழுத்துப் படித்தார்கள். பெண் பிள்ளைகள் நாங்கள் நாலு வீடு தள்ளியிருந்த ஒரு மாமியிடம் ஓதப் போனோம். அவர் அரபு எழுத்துக் கற்றுத் தந்தார். அந்த எழுத்தை வைத்தே தமிழையும் எழுதலாம். சில எழுத்துகளுக்கு மட்டும் புள்ளியைக் கூட்டிப் போட்டுச் சமாளிக்க வேண்டும். அரபுத் தமிழ் என்று அதற்குப் பெயர். எங்கள் பெண்களில் எழுதத் தெரிந்த ஐந்தாறு பேர் கடிதம் எழுதியது அதில்தான். மற்றவர்கள் குர்ஆனைக் கடகடவென்று ஓதுவார்கள், கையால் எழுதிய ஒரு வரியைக் காட்டினால் முழிப்பார்கள். என் உம்மாவும் அப்படித்தான்.

பதின்மூன்று வயதில் நான் பெரிய பிள்ளையானேன். அன்றோடு ஓதப் போனதும் நின்றது, வேலிக்கு வெளியே கால் வைத்ததும் நின்றது. இரண்டாம் உலகச் சண்டை தொடங்குவதற்கு ஐந்தாறு வருடம் முந்திய கதை இது. என் ராத்தா என்னைவிட மூன்று வயது மூத்தவள், எனக்கு முன்பே உள்ளே போனவள். வாப்பாவின் தறிக்கு நூல் சுற்றிக் கொடுப்பது எங்கள் இருவருடைய வேலை. காலையில் உட்கார்ந்தால் ராட்டை, மாலையிலும் ராட்டை. வேலிக்கு அந்தப் பக்கம் யார் போகிறார்கள் என்பதைச் செருப்புச் சத்தத்தை வைத்துத்தான் கண்டுபிடிப்போம்.

ஒருநாள் காக்கா பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, சந்திரனும் நம்முடைய நிலம் மாதிரி ஒரு நிலமாம், நட்சத்திரங்கள் எல்லாம் எட்டாத தூரத்தில் கிடக்கிற இடங்களாம் என்று சொன்னான். வாத்தியார் சொல்லிக் கொடுத்தாராம். வாப்பா தறியை நிறுத்தாமலே, "படைச்சவனுக்குத் தெரியும். நீ போய் மாட்டுக்குத் தண்ணி வை" என்றார். காக்கா போய்விட்டான். ராத்தா என் பக்கம் திரும்பி மெதுவாகக் கேட்டாள்.

"அங்கயும் நூல் சுத்திறாங்களோ புள்ள?"

"இல்ல. அங்கெல்லாம் சும்மா சுத்திப் பாக்குறதுக்கெண்டே ஒரு சாதி இருக்கு" என்றேன்.

அப்படித்தான் பஞ்சுக்கால்கள் பிறந்தன.

அவை ஆட்டுக்குட்டி உயரம். ஆட்டுக் காது, நீர்நாயின் வால். நாலு காலும் நுனியில் பஞ்சாக முடியும். எந்த நட்சத்திரத்தில் இறங்கினாலும் அங்கே தூங்குகிறவர்கள் விழித்துவிடக் கூடாது என்பதற்காகப் படைத்தவன் கொடுத்த கால்கள். மொத்தம் ஏழு பேர். அவர்களுடைய கப்பல் ஒரு நாடா. தறியில் இங்குமங்கும் ஓடி நூலைக் கொண்டு போகுமே, இரண்டு முனையும் கூர்மையான சின்னத் தோணி மாதிரி மரக்கட்டை, அதுதான். அதை ஏழு பேர் உட்காரும் அளவுக்குப் பெரிதாக்கிவிட்டேன். நூலின் ஒரு நுனியை வீட்டுத் தூணில் கட்டிவிட்டு மறுநுனியை நாடாவில் வைத்துக்கொண்டு புறப்படுவார்கள். திரும்பி வரும்போது நூலைச் சுற்றிக்கொண்டே வந்தால் வீடு வந்துவிடும். நூலுக்குப் பொறுப்பு அவர்களில் ஆகச் சின்னது. அது எப்போதும் சிக்காக்கிவிடும். ஒரு நட்சத்திரத்துக்குப் போக ஒரு நாள் என்றால் சிக்கெடுக்க ஆறு நாள். நாங்கள் இருவரும் அன்றாடம் படுகிற பாடு அது. ராத்தா அந்த இடத்தில்தான் முதன்முதல் சிரித்தாள்.

கலியாணமாகாத குமர்ப்பிள்ளையின் சிரிப்பு வேலி தாண்டிப் போகக் கூடாது. அதனால் ராத்தா சத்தமில்லாமல் தோளால் சிரிக்கப் பழகியிருந்தாள். தோள் குலுங்கும், கையில் நூல் அறுந்து போகும். வாப்பா உள்ளேயிருந்து, "என்ன, இண்டைக்கு இவ்வளவு முடிச்சு?" என்று கேட்பார்.

பஞ்சுக்கால்கள் சந்திரனுக்குப் போன கதையை ராத்தா எத்தனை தடவை கேட்டாள் என்று எனக்கே தெரியாது. இறங்கும் முன் மரியாதையாக ஸலாம் சொன்னார்கள். பதில் வரவில்லை. இரண்டாம் தடவையும் சொன்னார்கள், மூன்றாம் தடவையும் சொன்னார்கள். மூன்று ஸலாமுக்கும் பதில் இல்லாவிட்டால் அந்த வீட்டுக்குள் போகக் கூடாது என்று உம்மா எங்களுக்குச் சொல்லித் தந்த ஒழுங்கு அவர்களுக்கும் தெரியும். ஆகவே திரும்பிவிட்டார்கள். சந்திரன்வரை முதன்முதல் போனவர்கள் அதில் கால் வைக்காமலே வந்தார்கள். வெகுகாலம் கழித்து மனிதர் அங்கே போய் இறங்கியதாகக் கேள்விப்பட்டபோது, அவர்கள் ஸலாம் சொன்னார்களா என்றுதான் எனக்குக் கேட்கத் தோன்றியது.

இன்னொரு நட்சத்திரத்தில் காது கேளாத ஒரு கிழம் இருந்தது. பஞ்சுக்கால்களைக் கண்டதும், "இரவல் வாங்கின சுளகை இப்பதான் கொண்டு வந்தீங்களா?" என்று சண்டைக்கு வந்தது. நாங்கள் வாங்கவில்லை என்று சொல்லிப் பார்த்தார்கள். கிழத்துக்கு ஏறவில்லை. பாவம் என்று ஏழு பேரும் மூன்று நட்சத்திரம் அலைந்து, அரிசி புடைக்கிற அந்தச் சுளகைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்து கொடுத்தார்கள். கிழம் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்ர சுளகு இதைவிட நல்லது" என்றது. எங்கள் தெருவில் அப்படி ஒரு பெண் இருந்தார். ராத்தாவுக்கு யாரென்று சொல்லவே தேவையில்லை.

சொல்லச் சொல்ல எனக்கு மறந்து போகத் தொடங்கியது. காக்காவின் பழைய கொப்பிகளில் எழுதாத தாள்களைப் பிரித்தெடுத்து ஒன்றாகத் தைத்தேன். அரிசியைக் கருக்கிப் பிசினோடு சேர்த்து, ஓதப் போன காலத்தில் பலகையில் எழுதிய அதே மையைக் காய்ச்சினேன். லுஹர் தொழுகைக்கும் அஸர் தொழுகைக்கும் நடுவே, மத்தியானம் வீடு அடங்கியிருக்கும் நேரத்தில் உட்கார்ந்து எழுதினேன். எனக்குத் தெரிந்த எழுத்து ஒன்றுதான், அதில்தான் எழுதினேன்.

மூன்றாம் நாளே உம்மாவிடம் அகப்பட்டுக்கொண்டேன்.

"என்ன புள்ள எழுதுறா?"

"துஆ எழுதுறன் உம்மா. ஓதித் தந்த மாமி சொன்னது."

பிரார்த்தனை எழுதுகிறேன் என்று நாக்கு எப்படி அவ்வளவு சுளுவாகப் புரண்டது என்று தெரியவில்லை. உம்மா கொப்பியை வாங்கி, கண்ணில் ஒற்றி, முத்தமிட்டு, இரண்டு கையாலும் திருப்பித் தந்தார். அந்தப் பக்கத்தில்தான் சுளகுக் கிழம் ஏசிக்கொண்டிருந்தது. அன்று முதல் அந்த நேரத்தில் உம்மா என்னை ஒரு வேலைக்கும் கூப்பிடவில்லை. பொய் சொன்ன வாய்க்குப் போசனம் இல்லை என்பார்கள். எனக்கு அந்தப் பொய்யால் தினமும் இரண்டு மணி நேரம் கிடைத்தது. ராத்தாவும் நானும் அன்று சிரித்த சிரிப்பில் தோள் வலித்தது.

காக்காவுக்கு மட்டும் அந்த எழுத்தைக் கூட்டி வாசிக்கத் தெரியும். ஒருநாள் எடுத்துப் பார்த்துவிட்டான். முதலில் சிரித்தான், பிறகு முகம் மாறியது.

"குர்ஆன் எழுத்தில கழுதக் கதையா எழுதுறா? வாப்பாக்குத் தெரிஞ்சா ஒன்ட கைய முறிப்பாரு. கொப்பியையும் கல்லக் கட்டி ஆத்துல விட்டுருவாரு."

அந்த எழுத்து எழுதிய தாளை எரிக்க மாட்டார்கள், குப்பையில் போட மாட்டார்கள். பழசாகிவிட்டால் மரியாதையோடு ஆற்றில் அமிழ்த்துவார்கள். காக்கா யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த வருடம் கொழும்பில் ஒரு கடைக்கு வேலைக்குப் போய்விட்டான். ஆனால் அவன் சொன்னதை நான் மறக்கவில்லை. அந்தக் கொப்பி போனால் எனக்கென்று இந்த உலகத்தில் ஒன்றுமில்லை என்று நினைத்தேன். இப்போது எண்ணிப் பார்க்க வெட்கமாக இருக்கிறது. அப்போது அப்படித்தான் நினைத்தேன்.

ராத்தாவுக்குக் கலியாணம் நடந்தது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான், மாப்பிள்ளை வந்து சேர்ந்துகொள்வார். மச்சான் கரத்தைக்காரர். எங்கள் ஊர்ப் புடவைகளை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு பாலம் தாண்டி டவுனுக்குப் போய் வருவார். அதிகம் பேசாத மனிதர். கோபித்து ஒரு சொல் சொல்லி நான் கேட்டதில்லை. கலியாணமாகியும் ராத்தா பகலில் ராட்டையடிக்கு வந்து என் பக்கத்தில் உட்காருவாள்.

"முடிச்சிட்டியா புள்ள?"

"இன்னும் இல்ல."

முடிக்க எனக்கு மனம் வரவில்லை. கதை முடிந்துவிட்டால் அவள் என் பக்கத்தில் வந்து உட்கார ஒரு காரணமும் இருக்காது என்று பயந்தேன். அவள் வயிற்றில் பிள்ளை உண்டானபோது அந்தப் பயம் இன்னும் கூடியது. மாதம் நிறையும் நாளில்தான் கடைசிப் பக்கத்தை எழுதினேன். பிள்ளை பிறந்த பிறகு வாசித்துக் காட்டுகிறேன் என்று அவளிடம் சொன்னேன். "அப்ப அதுவரைக்கும் எனக்கிட்ட இருக்கட்டும்" என்று கொப்பியை வாங்கித் தன் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டாள்.

சுபஹ் தொழுகை நேரத்தில் அவளுக்கு நோவு கண்டது. மருத்துவிச்சி வந்தார். வெயில் ஏறிய பிறகு வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"புள்ள குறுக்கால கிடக்கு. என்ட கைக்கு ஏலா. டவுன் ஆசுபத்திரிக்குக் கொண்டு போங்க, சுறுக்கா."

மச்சான் உடனே போய் மாட்டைப் பூட்டினார். கரத்தைக்குள் வைக்கோல் பரப்பிப் பாய் விரித்தார். உம்மாதான் தயங்கினார். அந்நிய ஆண்கள் தொடுவார்களே என்ற பயம் ஒரு பக்கம், ஆசுபத்திரிக்குப் போனவர்கள் திரும்பி வந்ததில்லை என்று பெண்கள் பேசிக்கொண்டது மறுபக்கம்.

"லெப்பையக் கூட்டி வந்து பீங்கான் எழுதிக் குடுப்பம். மறுகா போகலாம்."

பீங்கான் எழுதுவது என்றால், வெள்ளைத் தட்டில் மையால் குர்ஆன் ஆயத்தை எழுதி, பன்னீர் விட்டுக் கரைத்து, நோயாளிக்குக் குடிக்கக் கொடுப்பது. எங்கள் வீடுகளில் காய்ச்சலுக்கும் கொடுப்பார்கள், பிள்ளைப்பேற்றுக்கும் கொடுப்பார்கள். மனதுக்கு அது ஒரு தைரியம். வைத்தியத்தோடு அதுவும் நடக்கும். அன்று பள்ளிவாசல் லெப்பை, மரித்தவர் பேரில் ஓதுகிற ஒரு கத்தத்துக்கு அக்கரை போயிருந்தார், பின்னேரம்தான் வருவார் என்றார்கள். உம்மா ராத்தாவின் தலையணைக்குக் கீழே கையை விட்டார்.

கொப்பியை எடுத்தார். கைகால் கழுவி ஒளுச் செய்துவிட்டு வந்து, மை நல்ல கறுப்பாக இருந்த பக்கத்தைத் தேடினார். அது நான் அப்போதுதான் எழுதி முடித்த கடைசிப் பக்கம். பிஸ்மில்லாஹ் சொல்லி அதைக் கிழித்தார். பீங்கானில் வைத்து, தண்ணீரும் பன்னீரும் விட்டார். மை தாளை விட்டுக் கிளம்பித் தண்ணீரில் பரவியது. அறையில் ஐந்தாறு பெண்கள் நபிமேல் ஸலவாத்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அது கதை, உம்மா. மூன்று சொல். வாய்க்குள் வந்து நின்றது.

ஏன் சொல்லவில்லை என்று ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன், பூசி மெழுகப் போவதில்லை. வாப்பாவுக்குத் தெரிந்தால் கொப்பி ஆற்றுக்குப் போய்விடும் என்ற பயம் முதலில். இத்தனை பெண்களுக்கு முன்னால் உம்மா தலைகுனிவார் என்ற கூச்சம் அடுத்து. இந்த இரண்டும் மட்டுமென்றால் ஒருவேளை நான் என்னை மன்னித்திருப்பேன். மூன்றாவது ஒன்றும் இருந்தது. என் எழுத்து அவ்வளவு மதிப்போடு பீங்கானில் கிடந்ததைப் பார்க்க எனக்குப் பெருமையாக இருந்தது. தண்ணீர்தானே, என்ன செய்துவிடும் என்றும் எண்ணிக்கொண்டேன். அது மெய்தான். தண்ணீர் அவளை ஒன்றும் செய்யவில்லை.

ராத்தா தலையைத் தூக்கிப் பீங்கானைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. குடித்துவிட்டு என்னைக் கையால் கூப்பிட்டாள். பக்கத்தில் போய்க் குனிந்தேன்.

"எந்தப் பக்கம் புள்ள?"

"கடைசிப் பக்கம்."

"நான் இன்னும் கேக்கல்லியே. அதுகள் வீட்ட போய்ச் சேந்துதா?"

உண்மையில் நான் அவர்களை வீடு சேர்க்கவில்லை. சின்னதின் கையிலிருந்த நூல் முடிந்து போகிறது, யாரும் அதைக் கவனிக்காமல் போய்க்கொண்டே இருக்கிறார்கள் என்றுதான் எழுதியிருந்தேன்.

"சேந்துது ராத்தா" என்றேன்.

"என்ட வயித்துக்குள்ள வந்தெல்லோ சேந்திருக்கு" என்றாள். அவள் தோள் குலுங்கியது.

உம்மா அதைக் கண்டார்.

"பாருங்க, முகம் தெளிஞ்சிட்டு! ஆண்டவண்ட எழுத்து வேல செய்யிது. மகன், மாட்ட அவுத்து விடுங்க. அஸருக்குள்ள நல்லபடியாப் பெத்துருவா."

வாசலில் நின்ற மச்சான், "மாமி, மருத்துவிச்சி சொன்னாவே" என்றார்.

"நான் சொல்லுறன் மகன்."

அவர் என் பக்கம் திரும்பினார். அதுவரை அவர் என் முகத்தை நேராகப் பார்த்ததேயில்லை.

"மச்சி, ஒங்கட கொப்பிதானே. நீங்க என்ன சொல்லுறீங்க?"

அவர் என்னைக் கேட்டார். அந்த வீட்டில் அன்று என்னைக் கேட்ட ஒரே ஆள் அவர்தான்.

"உம்மா சொல்லுறாவே" என்றேன்.

அவர் போய் மாட்டை அவிழ்த்தார்.

லுஹருக்குப் பிறகு ராத்தாவின் முகம் மாறியது. மருத்துவிச்சி தலையில் அடித்துக்கொண்டு ஏசினார். அஸருக்கு மறுபடி மாட்டைப் பூட்டினார்கள். உம்மாவும் மருத்துவிச்சியும் கரத்தையில் ஏறினார்கள். நான் குமர், வீட்டில் இருந்தேன். ராட்டையடியில் உட்கார்ந்து, சுற்றியிருந்த நூலையெல்லாம் கழற்றிவிட்டுத் திரும்பச் சுற்றினேன். பொழுது பட்டு மஃரிபு பாங்கு சொல்லும்போது வேலியோரம் கரத்தைச் சத்தம் கேட்டது. மச்சான் கரத்தையில் உட்காரவில்லை, மாட்டோடு நடந்து வந்தார். பாலத்தின் நடுவில் வைத்து உயிர் போய்விட்டதாம். பிள்ளை வெளியே வரவேயில்லை.

இரண்டு வருடம் கழித்து என்னை மச்சானுக்குக் கொடுத்தார்கள். வீடு அங்கேயே, மாப்பிள்ளை அங்கேயே, பெண் மட்டும் மாறினாள். ஊரார் நல்ல காரியம் என்றார்கள். ராத்தாவின் கட்டிலில் நான் படுத்தேன். அவர் என்னிடம் எப்போதும் அன்பாகத்தான் நடந்துகொண்டார், அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. சும்மா சோறு தின்றுகொண்டிருக்கும்போது கையை நிறுத்திவிட்டுச் சொல்லுவார்:

"அண்டைக்கு நான் மாட்ட அவுத்திருக்கக் கூடா."

நான் இன்னும் கொஞ்சம் ஆணம் ஊற்றுவேன்.

கொப்பியை உம்மா பச்சைத் துணியில் சுற்றிக் குர்ஆன் தட்டில் வைத்துவிட்டார். நான் பயந்ததற்கு நேர்மாறாக அது என் கையைவிட்டு உயரத்துக்குப் போனது. வருடா வருடம் ராத்தாவின் பெயரில் கத்தம் ஓதும் நாளில் அதை இறக்குவார். "என்ட புள்ள சிரிச்சிக்கிட்டேதான் போனா, இந்தக் கிதாபுட வறக்கத்து" என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லுவார். பெண்கள் வரிசையாக முத்தமிடுவார்கள். பக்கத்து வீட்டுப் பெண் தன் மகளின் பிள்ளைப்பேற்றுக்கு ஒரு பக்கம் கேட்டு வந்தபோது, "தாளும் தர மாட்டன், மண்ணும் தர மாட்டன். டவுனுக்குக் கூட்டிப் போங்க" என்று பாய்ந்தேன். கல்நெஞ்சுக்காரி, வறக்கத்தையும் அருளையும் தனக்கே வைத்துக்கொள்கிறாள் என்று தெருவெல்லாம் பேச்சு. பேசட்டும் என்று விட்டேன். அந்தப் பெண்ணின் மகளை டவுனுக்குத்தான் கொண்டு போனார்கள், ஆண் பிள்ளை பிறந்தது. அதற்கும் எனக்கு நன்றி இல்லை.

சண்டைக் காலத்தில் ஆகாயக் கப்பல் எங்கள் வளவுக்கு மேலால் போனது. பெண்கள் எல்லோரும் அலறிக்கொண்டு உள்ளே ஓடினார்கள். நான் முற்றத்தில் நின்று பார்த்தேன். இவ்வளவு சத்தம் போட்டுக்கொண்டு போனால் யார்தான் ஸலாமுக்குப் பதில் சொல்லுவார்கள் என்று நினைத்தேன். இதைச் சொல்லிச் சிரிக்க எனக்கு ஒரு ஆளும் இல்லை. ராட்டையடியில் போய் உட்கார்ந்து அழுதேன்.

சண்டை முடிந்த வருடம் வாப்பா மவுத்தாகி அடக்கமானார். அதற்கடுத்த வருடம் உம்மா பாயில் விழுந்தார். ஒருநாள் காலை, வெயில் வேலிப் படலைக்குள்ளால் வந்து அவர் காலில் படுகிற நேரம், என்னைக் கூப்பிட்டார்.

"அந்தக் கிதாப எடுத்து ஓது புள்ள. ஒருநாளும் நான் கேட்டதில்ல. ஒன்ட வாயால ஒருக்காக் கேட்டுட்டுப் போறன்."

எடுத்து வந்தேன். துணியை அவிழ்த்தேன். குர்ஆனில் யாஸீன் அத்தியாயம் எனக்கு மனப்பாடம். கொப்பியைப் பார்த்துக்கொண்டே அதை ஓதியிருக்கலாம். உம்மா திருப்தியாகக் கண்ணை மூடியிருப்பார். அப்படிச் செய்யத்தான் உட்கார்ந்தேன். முதல் பக்கத்தில் ஏழு பேரும் நாடாவில் ஏறிக்கொண்டிருந்தார்கள், சின்னது நூலைச் சிக்காக்கிக்கொண்டிருந்தது. பத்து வருடத்துக்குப் பிறகு அவர்களைப் பார்க்கிறேன்.

"அது கதை, உம்மா."

"என்ன கதை?"

"நான் எழுதின கதை. துஆ இல்ல."

அவருக்கு விளங்கவில்லை. ஆகவே சொன்னேன். பஞ்சுக்கால்கள், ஆட்டுக் காது, நாடாக் கப்பல், சந்திரன். உம்மா கூரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"மூணு ஸலாம் சொல்லிட்டுத் திரும்பிட்டுதுகளா?"

"ஓம் உம்மா."

அவர் வாயோரம் அசைந்தது. சிரிக்கப் போகிறார் என்று நினைத்தேன். ராத்தாவைப் போலவே அவருக்கும் தோள்தான் முதலில் குலுங்கியது. அதை அதற்கு முன் நான் கண்டதேயில்லை. பிறகு தோள் நின்றுவிட்டது. தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

"அப்ப, அண்டைக்கு ஏன் சொல்லல்ல?"

நான் கொப்பியை மூடினேன்.

அதற்குப் பிறகு பதினொரு நாள் உம்மா உயிரோடு இருந்தார். என் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை. மருமகனைக் கூப்பிட்டு அவர் கையால் குடித்தார். கொப்பியைப் பற்றி அவரிடம் ஒன்றும் சொல்லவுமில்லை. அவருக்காகச் சொல்லாமல் விட்டாரா, எனக்காகவா என்று தெரியாது. என்னிடம் பேசியது ஒரே ஒரு தடவை: "அத இனி இந்தத் தட்டில வெக்காத."

நாற்பதாம் கத்தம் முடிந்த பிறகு அதை மச்சானிடம் சொன்னேன். உம்மா கொப்பியை வீட்டில் வைக்க வேண்டாம் என்றார் என்று மட்டும் சொன்னேன். பழைய கிதாபுதானே, தாளும் நைந்து போய்விட்டது, மரியாதையாக ஆற்றில் விட்டுவிடுவோம் என்றார். டவுனுக்குப் போகிற ஒரு காலையில் என்னையும் கரத்தையில் ஏற்றிக்கொண்டார். கொப்பி என் மடியில் இருந்தது.

பாலத்தடியில் அவர் இறங்கினார். ராத்தா போன நாளிலிருந்து அவர் அந்தப் பாலத்தைக் கரத்தையில் உட்கார்ந்து கடந்ததில்லை, மாட்டோடு நடந்துதான் போவார். நடுப்பாலத்தில் மாட்டை நிறுத்திவிட்டு என்னிடம் இரண்டு கையையும் நீட்டினார். கொடுத்தேன். முத்தமிட்டார். கண்ணில் ஒற்றினார், ஒற்றிய கையை எடுக்க நேரமானது. கீழே ஒரு தோணிக்காரன் வலை வீசிக்கொண்டிருந்தான்.

"இந்தக் கிதாபு அவள்ட நோவ ஆத்தினதுதான்" என்றார். "அத நம்பி நான் மாட்ட அவுத்ததுதான் பிழை. கிதாபுல ஒரு குறையும் இல்ல. என்னிலதான்."

இரண்டு மாதத்துக்கு முன்பு உம்மாவிடம் என் வாயிலிருந்து வந்த அதே சொல், அது கதை. இந்தத் தடவை பயப்பட வாப்பா இல்லை, கூச்சப்பட உம்மா இல்லை. கொப்பியும் இன்னும் சற்று நேரத்தில் இல்லை.

"அது..." என்றேன்.

"என்ன?"

காதோரமெல்லாம் நரைத்த தலையோடு என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார், அன்று வாசலில் நின்று கேட்ட மாதிரியே.

"ஒண்டுமில்ல. கல்ல இறுக்கிக் கட்டுங்க."

இறுக்கித்தான் கட்டி ஆற்றில் விட்டார். பிறகு மாட்டின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தார். நான் கரத்தையிலேயே இருந்தேன்.